வளரும் பன்றிகளுக்கு இரும்புச் சத்து: எப்போது, எவ்வளவு?

மும்பையின் கிழக்குப் புறநகர்ப் பகுதியான தேவ்நாரில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் 1971-ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. பாந்த்ராவில் நெடுங்காலம் இயங்கி வந்த பழைய கூடத்துக்கு மாற்றாக 64 ஏக்கர் பரப்பில் இது அமைக்கப்பட்டது. ஆடு, எருமை ஆகியவற்றுடன் பன்றிக்கும் இங்கு இடம் ஒதுக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கிறிஸ்தவர்கள், கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வந்து குடியேறியோர் எனப் பன்றி இறைச்சியை உண்ணும் மக்கள் மும்பையில் கணிசமாக இருப்பதே இதற்குக் காரணமாகும்.

இறைச்சிக்காக விற்கப்படும் பன்றியின் விலையைப் பெரும்பாலும் அதன் எடையே முடிவு செய்கிறது. அந்த எடையோ, விற்பனைக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் சேர்வதன்று. குட்டி பிறந்த முதல் மூன்று வாரங்களில் அதற்குப் போதிய இரும்புச் சத்து கிடைத்ததா என்பதும் எடையை முடிவு செய்யும் காரணங்களுள் ஒன்றாகும். அச்சத்துக் கிடைக்காத குட்டிகளுள் சில இறந்துவிடுகின்றன; சில நலிந்து பின்தங்குகின்றன. இறைச்சிக்கூடத்தின் பதிவேட்டில் இடம்பெறுபவை பிழைத்து வளர்ந்த பன்றிகள் மட்டுமே. வளர்ப்போரின் உண்மையான இழப்பை அறிய வேண்டுமானால், அங்கு வந்து சேராத குட்டிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பன்றித் தீவனத்தில் இரும்பைச் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை பொதுவாகக் கூறப்படுகிறது. ஆனால் எந்த வயதில், எந்த வடிவில், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் செய்யப்படும் செலவு முழுப் பயனைத் தராது. பால் குடிக்கும் குட்டிக்கு இரும்பு உயிர் காக்கும் மருந்து. நல்ல தீவனம் உண்டு வளரும் பன்றிக்கோ அதே இரும்பு பெரும்பாலும் மிகைச் செலவு. இந்த வேறுபாட்டை உணர்வது சிறு பண்ணையாளர்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

குட்டியின் வரவு செலவுக் கணக்கு

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே உடலெங்கும் பிராண வாயுவைக் கொண்டு செல்கிறது. இதனை உருவாக்க இரும்பு தேவை. பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடல் முழுவதிலும் இருக்கும் இரும்பு 40 முதல் 50 மில்லிகிராம் அளவே ஆகும். அதிலும் பெரும் பகுதி ஏற்கெனவே இரத்தத்தில் பயன்பட்டுக் கொண்டிருப்பதால், சேமிப்பாக இருப்பது மிகச் சிறு பங்கே.

ஆனால் வளர்ச்சியின் வேகமோ மிகப் பெரிது. சுமார் 1.3 கிலோ எடையுடன் பிறக்கும் வெண்பன்றிக் குட்டி ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் இருமடங்காகிறது. நான்கு வாரங்களில் 6 கிலோவைத் தாண்டுகிறது. ஒவ்வொரு கிலோ எடை கூடுவதற்கும் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர வேண்டும். அதன்படி, 5 கிலோ எடை கூடுவதற்குள் 105 மில்லிகிராம் தேவைப்படுகிறது. தாய்ப்பன்றியின் பாலிலிருந்து நாளொன்றுக்குக் குட்டிக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே. நான்கு வாரப் பாலைக் கூட்டினாலும் 28 மில்லிகிராமுக்கு மேல் வராது. ஏறக்குறைய 75 மில்லிகிராம் பற்றாக்குறை ஏற்படுகிறது.

இந்தப் பற்றாக்குறை இரண்டாம் வாரத்திலேயே வெளிப்படத் தொடங்குகிறது. காதும் மூக்கின் நுனியும் வெளிறுகின்றன, உரோமம் முரடாகிறது, குட்டி சோர்ந்து கிடக்கிறது, சிறிது ஓடினாலும் விலா அதிர மூச்சு வாங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் இருப்பது நல்ல நிலை. 8 கிராம் எல்லைக்கோடு. 7 கிராமும் அதற்குக் குறைவும் இரத்தச்சோகை எனக் கொள்ளப்படுகிறது. விரைந்து வளரும் குட்டிக்கே இரும்பு அதிகம் தேவை. ஆதலால், ஓர் ஈற்றிலேயே கொழுமையாகத் தோன்றும் குட்டி முதலில் பாதிக்கப்பட்டுத் திடீரென இறப்பதும் உண்டு. காரணம் அறியாத வளர்ப்போர் இதனை வேறு நோய் என்று எண்ணிவிடுகின்றனர்.

தாய்க்கு இரும்பைக் கொடுத்தால் பாலில் அது கூடாதா என்ற கேள்வி இயல்பானது. சினைக் காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தாயின் தீவனத்தில் இரும்பைக் கூட்டினாலும், குட்டியின் பிறவிச் சேமிப்பும் பாலின் இரும்பு அளவும் குறிப்பிடத்தக்க வகையில் உயர்வதில்லை என்பது சோதனைகளால் அறியப்பட்டுள்ளது. ஆகவே இரும்பைக் குட்டிக்கே நேராகக் கொடுக்க வேண்டும்.

சிமெண்டுத் தரை தந்த குறைபாடு

காட்டுப் பன்றியின் குட்டிகளும், ஊர்ப்புறங்களில் திறந்தவெளியில் திரியும் நாட்டுப் பன்றிகளின் குட்டிகளும் இந்தச் சோகைக்கு எளிதில் ஆளாவதில்லை. பிறந்த சில நாள்களிலேயே அவை மண்ணை முகர்ந்து கிளறத் தொடங்கி, தமக்குத் தேவையான இரும்பை மண்ணிலிருந்தே பெற்றுவிடுகின்றன. கழுவித் துடைத்த சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொட்டிலில் அடைத்து வளர்க்கும் முறை மேலைநாடுகளில் பரவிய பின்னரே இச்சோகை பெரும் சிக்கலாயிற்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மெக்கோவன், கிரைட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 1923, 1924-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், இதற்குக் காரணம் இரும்புக் குறைபாடே என்று எடுத்துக்காட்டினர்.

இதனால் பன்றிகளை மீண்டும் திறந்தவெளியில் விட்டுவிடலாம் என்று கொள்ளலாகாது. தேவ்நாரிலேயே 1927 முதல் மாநகரின் குப்பை கொட்டப்பட்டு வந்த பெருந்திடல் உள்ளது. இத்தகைய குப்பைமேடுகளிலும் சாக்கடை ஓரங்களிலும் இரை தேடும் பன்றிகள் நாடாப்புழுவின் முட்டைகளை உட்கொள்கின்றன. அவற்றின் தசையில் புழுக்கட்டிகள் உண்டாகின்றன. அவ்விறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்போரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அப்புழுவின் முட்டைகள் மனித உடலுக்குள் சென்றால் மூளையில் கட்டிகள் ஏற்பட்டு வலிப்பு நோய் வரவும் கூடும். இறைச்சிக்கூடத்தில் மருத்துவர் ஒவ்வோர் உடலையும் சோதிப்பதன் நோக்கங்களுள் ஒன்று இத்தகைய இறைச்சியைக் கண்டறிந்து விலக்குவதாகும். எனவே பன்றியைத் தூய்மையான கொட்டிலுக்குக் கொண்டு வருவது தேவையான முன்னேற்றமே. அந்த முன்னேற்றத்தோடு சேர்ந்து வரும் குறைபாட்டை ஈடு செய்ய வேண்டியதும் அதே அளவுக்குத் தேவை.

நாட்டில் இம்மாற்றம் திட்டமிட்டே கொண்டுவரப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் அலிகார், ஹரிங்கட்டா, கன்னவரம், மும்பைப் பகுதியில் உள்ள பொரிவலி முதலிய இடங்களில் பன்றி இறைச்சித் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. பெரிய வெள்ளை யார்க்ஷயர் போன்ற அயல் இனங்கள் பரப்பப்பட்டன. 1970-71-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பன்றிகளுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் காட்டுப்பாக்கம் பண்ணை வழியாக வெண்பன்றிகளும் கலப்பினங்களும் உழவர்களிடம் சென்று சேர்ந்தன. 2021-22-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், புதிய பன்றிப் பண்ணைகளின் மூலதனச் செலவில் 50 விழுக்காட்டை மானியமாக வழங்க வகை செய்தது. கொட்டில் முறை பரவப் பரவ, குட்டிக்கு இரும்பு கொடுக்கும் பழக்கமும் உடன் பரவ வேண்டும். விரைந்து வளரும் கலப்பினக் குட்டிக்கு, சிறிய உருவமும் மெதுவான வளர்ச்சியும் கொண்ட நாட்டுக் குட்டியைவிட இரும்புத் தேவை அதிகம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஊசி, பூச்சு, செம்மண்

1950-களின் நடுப்பகுதியில் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி மருந்து பன்றிக்குட்டிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. அன்று முதல் இன்று வரை அதுவே மிக உறுதியான வழியாக இருந்து வருகிறது. பிறந்த இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் 100 முதல் 200 மில்லிகிராம் இரும்பு தசையில் செலுத்தப்படுகிறது. மேலே கண்ட 75 மில்லிகிராம் பற்றாக்குறையோடு ஒப்பிட்டால், இந்த அளவு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது விளங்கும். 100 மில்லிகிராம் மட்டும் கொடுத்தால், இரண்டாம் வாரத்தின் முடிவில் மற்றொரு முறை கொடுப்பது வழக்கம்.

ஊசி போடும் இடமும் முக்கியமானது. தொடைத் தசையில் போட்டால் அங்கே பழுப்பு நிறக் கறை தங்கிவிடலாம். தூய்மையற்ற ஊசியாயின் சீழ்க்கட்டியும் உண்டாகலாம். தொடையே விலைமிக்க இறைச்சிப் பகுதி. இறைச்சிக்கூடத்தில் அப்பகுதி வெட்டி அகற்றப்பட்டால் இழப்பு விற்போருக்கே. ஆகவே கழுத்துத் தசையில், தூய ஊசியால் போட வேண்டும். தாய்ப்பன்றிக்கு வைட்டமின் ஈ, செலினியம் ஆகிய சத்துகள் குறைவாக இருந்தால், குட்டிக்கு இரும்பு ஊசியே நஞ்சாகிவிடும் அபாயமும் உண்டு. இக்காரணங்களால் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலின்படி இதனைச் செய்வது நல்லது.

ஊசி கிடைக்காத சிற்றூர்களில் வேறு எளிய வழிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றன. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடைகளில் வழங்கும் பொருள் இரும்பு சல்பேட் உப்பே ஆகும். அரை கிலோ அன்னபேதியை 10 லிட்டர் நீரில் கரைத்து, நாள்தோறும் தாய்ப்பன்றியின் மடியில் பூசினால், குட்டிகள் பால் குடிக்கும்போது சிறிது சிறிதாக இரும்பையும் பெறுகின்றன. பன்றிகள் நடமாடாத இடத்திலிருந்து தூய செம்மண்ணை எடுத்துக் கொட்டிலின் ஒரு மூலையில் வைப்பதும் உதவும். பன்றிகள் புழங்கிய மண்ணாயின் புழு முட்டைகளும் உடன் வந்துவிடும். இவ்வழிகளில் ஒவ்வொரு குட்டிக்கும் எவ்வளவு சென்றது என்பதை உறுதி செய்ய முடியாது. நலிந்த குட்டிக்குக் குறைவாகவே கிடைக்கும். எனினும் எதுவும் செய்யாமல் இருப்பதைவிட இவை மேலானவை.

இரண்டாம் வாரம் முதல் குட்டிகளுக்கெனத் தனியே தீவனம் வைக்கப்பட வேண்டும். குட்டிகள் அதனைத் தின்னப் பழகும் அளவுக்குப் பாலின் குறையை அத்தீவனம் ஈடு செய்யத் தொடங்குகிறது. பால் மறக்கும்போது ஹீமோகுளோபின் அளவு கூடுதலாக இருந்த குட்டிகள் அடுத்து வந்த வாரங்களில் கூடுதல் எடை பெற்றன என்று வெளிநாட்டு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. முதல் வாரத்தில் செய்த சிறு செலவின் பயன் பிந்தைய வளர்ச்சியிலும் தொடர்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

வளரும் பருவத்தில் தேவை குறைவது ஏன்?

பால் மறந்த பின் நிலைமை மாறுகிறது. பன்றியின் உடல் இரும்பை எளிதில் வெளியேற்றுவதில்லை. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பு மீட்கப்பட்டுப் புதிய அணுக்களுக்குப் பயன்படுகிறது. வயது கூடக் கூட, உடல் எடையோடு ஒப்பிடும்போது வளர்ச்சி விகிதமும் குறைகிறது. உண்ணும் தீவனத்தின் அளவோ பெருகுகிறது. ஆகவே ஒவ்வொரு கிலோ தீவனத்திலும் இருக்க வேண்டிய இரும்பின் அளவு படிப்படியாகக் குறைகிறது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. 25 கிலோ எடை வரையிலான இளம்பன்றிகளுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராம் இரும்பு தேவை. 25 முதல் 50 கிலோ வரை 60 மில்லிகிராமும், 50 முதல் 75 கிலோ வரை 50 மில்லிகிராமும், அதற்கு மேல் 40 மில்லிகிராமும் போதுமானவை.

இனி, வழக்கமான தீவனத்தில் எவ்வளவு இரும்பு உள்ளது என்பதைக் காணலாம். மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரையே உள்ளது. சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. அரிசித் தவிட்டில் அதைவிடக் கூடுதல். எலும்பு வளர்ச்சிக்காகச் சேர்க்கப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டிலோ இரும்பு கிலோவுக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் அளவில் கலந்திருக்கிறது. இவற்றையெல்லாம் கலந்து செய்த தீவனத்தில், தனியாக இரும்பு சேர்க்காமலேயே, வளரும் பன்றியின் தேவைக்கு மேற்பட்ட அளவு பெரும்பாலும் இருந்துவிடுகிறது. தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிணைத்து வைப்பதாலும், தாது உப்பில் உள்ள இரும்பு முழுவதும் செரிக்காததாலும் இதில் ஒரு பகுதியே உடலில் சேர்கிறது என்பது உண்மை. தேவை அளவு மிகக் குறைவாக இருப்பதால் அந்தப் பகுதியே பெரும்பாலும் போதுமானதாகிறது.

செலவுக் கணக்கிலும் இதனை நோக்கலாம். 20 கிலோ எடையுள்ள பன்றி 90 கிலோ எடையை அடைய, கிலோவுக்கு மூன்றரைக் கிலோ வீதம், ஏறத்தாழ 245 கிலோ தீவனம் உண்கிறது. அத்தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இரும்பைக் கூடுதலாகச் சேர்த்தால், ஒரு பன்றிக்கு 24.5 கிராம் ஆகிறது. குட்டிப் பருவத்தில் ஊசி வழியாகக் கொடுக்கப்படும் 200 மில்லிகிராமைப் போல இது 120 மடங்குக்கும் மேல். அன்னபேதி மலிவான பொருள்தான். ஆனால் அதே இரும்பு கவர்ச்சியான பெயருடன் சத்து மருந்தாகவும் தாதுக் கலவையாகவும் புட்டியிலும் பையிலும் வரும்போது செலவு பல மடங்காகிறது. முதல் வாரத்தில் ஊசி போடாமல் விட்டுவிட்டு, மூன்றாம் மாதத்தில் சத்து மருந்து வாங்கும் பண்ணையாளர் செலவையும் செய்கிறார், குட்டிகளையும் இழக்கிறார்.

விதிவிலக்குகள்

வளரும் பன்றிக்கு எந்நிலையிலும் கூடுதல் இரும்பு வேண்டா என்று இதனால் பொருள்படாது. சில சூழ்நிலைகளில் அது தேவைப்படுகிறது.

முதலாவது, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கலந்த தீவனம். மராட்டிய மாநிலத்தின் விதர்ப்பா, மராத்வாடா போன்ற பருத்தி விளையும் பகுதிகளில் இப்புண்ணாக்கு எளிதில் கிடைப்பது. இதில் உள்ள காசிப்பால் என்னும் நச்சுப் பொருள் பன்றியின் உடலில் சேர்ந்து, இதயத்தையும் கல்லீரலையும் தாக்கி, இறப்பையும் உண்டாக்கக் கூடும். இரும்பு சல்பேட் சேர்த்தால், அதிலுள்ள இரும்பு காசிப்பாலோடு பிணைந்து அது உடலில் சேராதவாறு தடுக்கிறது. பிணைப்புறாத காசிப்பால் எவ்வளவு எடை உள்ளதோ அதே எடை அளவுக்கு இரும்பைச் சேர்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது. இங்கு இரும்பு சத்துப் பொருளாக அன்றி, நச்சு முறிப்பாகவே பயன்படுகிறது.

இரண்டாவது, இரத்த இழப்பு. சாட்டைப்புழு போன்ற குடற்புழுக்கள் தாக்கிய பன்றியும், மிக நுண்ணிதாக அரைத்த தீவனத்தால் இரைப்பையில் புண் ஏற்பட்ட பன்றியும் வெளிறிப் போகும். இத்தகைய பன்றிக்கு இரும்பு மட்டும் கொடுத்தால் பயனில்லை. குடற்புழு நீக்கமும் தீவனத் திருத்தமும் முதலில் வேண்டும். மூன்றாவது, தாமிரச் சத்துக் குறைவு. தாமிரம் இல்லையேல் உடல் இரும்பைச் சரிவரப் பயன்படுத்த இயலாது.

சேர்க்க வேண்டியிருந்தால், எந்த வடிவில் சேர்ப்பது என்பதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். படிக நீருடன் கூடிய இரும்பு சல்பேட்டில் 20 விழுக்காடு இரும்பு உள்ளது. அது உடலில் நன்கு சேர்கிறது. இரும்பு ஆக்சைடு தீவனத்துக்குச் செந்நிறம் தருமே அன்றி, சத்தாக ஏறக்குறையப் பயன்படுவதே இல்லை. தீவனத்தின் நிறத்தைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது தவறு.

மிகையும் தீங்கே. தீவனத்தில் இரும்பு மிகுந்தால் பாஸ்பரஸ் உடலில் சேர்வது தடைப்படுகிறது, எலும்பு வலுவிழக்கிறது. குடலில் தங்கும் இரும்பு, கழிச்சல் உண்டாக்கும் நுண்கிருமிகளின் பெருக்கத்துக்கும் துணை செய்யலாம். உடல் ஏற்காத இரும்பு சாணத்தோடு வெளியேறிவிடுகிறது.

இறைச்சியில் இரும்பு கூடுமா?

பன்றிக்கு இரும்பு மிகுதியாகக் கொடுத்தால், அதன் இறைச்சியை உண்பவர்களுக்கும் மிகுதியாகக் கிடைக்கும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. இறைச்சியின் செந்நிறத்தையும் இரும்பு அளவையும் பெரிதும் முடிவு செய்பவை பன்றியின் இனம், வயது, உடலியக்கம் ஆகியவையே. தேவை நிறைவேறிய பின் கொடுக்கப்படும் கூடுதல் இரும்பினால் தசையில் பெரிய மாற்றம் விளைவதில்லை. உடலில் சேரும் மிகை கல்லீரல் முதலிய உறுப்புகளில் தங்குகிறது. 100 கிராம் கொழுப்பற்ற பன்றித் தசையில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். அதே அளவு பன்றிக் கல்லீரலில் 20 மில்லிகிராமுக்கு மேல். கோவா மக்களும் மங்களூர் மக்களும் விழாக்களில் சமைக்கும் சொர்ப்போத்தேல் உணவில் ஈரலும் இடம்பெறுவது இவ்வகையில் கருதத்தக்கது. இறைச்சிக்கூடத்தில் ஈரல் போன்ற உறுப்புகளைத் தூய்மையாகப் பிரித்து, சோதித்து, குளிர்நிலையில் காத்து விற்பதன் வாயிலாக மக்களுக்குக் கிடைக்கும் இரும்பு, தீவனத்தில் இரும்பைக் கொட்டிப் பெறுவதைவிட மிகுதியாகும்.

இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் இரத்தமும் இரும்பு நிறைந்ததே. அதனை உலர்த்திச் செய்யும் இரத்தத் தூளில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கும். ஆயினும் பன்றியிலிருந்து பெற்ற பொருளைப் பன்றிக்கே தீவனமாக்குவதில் நோய் பரவும் இடர் உண்டு. 2020-இல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து நாட்டில் புழக்கத்தில் இல்லாத நிலையில், இறைச்சித் துண்டு கலந்த ஓட்டல் கழிவும் வேகவைக்காத இரத்தமும் அந்நோயைப் பரப்பும் வாயில்களாயின. ஓட்டல் கழிவைக் கொண்டு பன்றி வளர்ப்போர், அதனை நன்கு கொதிக்க வைத்த பின்னரே கொடுக்க வேண்டும்.

தேவ்நாரில் மற்றொரு கணக்கு

இரத்தச்சோகை பற்றிய நாட்டின் மிகப் பெரிய கணக்கெடுப்புகளோடு தேவ்நாருக்குத் தொடர்பு உண்டு. 1956-இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இங்குதான் அமைந்துள்ளது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளை நடத்தும் பொறுப்பு இந்நிறுவனத்தைச் சேர்ந்தது. 1998-99-இல் நடந்த இரண்டாம் ஆய்வு முதல் ஹீமோகுளோபின் அளவும் சோதிக்கப்பட்டது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. 2015-16-இல் இது 58.6 விழுக்காடாக இருந்தது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் 2019-21-இல் சோகையுற்றிருந்தனர்.

மனிதக் குழந்தையையும் பன்றிக்குட்டியையும் முழுவதும் ஒப்பிட இயலாது. மனிதக் குழந்தை தன் எடையை இருமடங்காக்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பிறவிச் சேமிப்பு சுமார் ஆறு மாதங்களுக்குப் போதுமானது. குட்டிக்கு ஏழு நாளில் வரும் நெருக்கடி, குழந்தைக்கு ஏழாம் மாதத்தில் வருகிறது. அதனாலேயே 2018-இல் தொடங்கப்பட்ட சோகையற்ற இந்தியா இயக்கத்தில், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 20 மில்லிகிராம் இரும்பு கொண்ட மருந்துநீர் கொடுக்கத் திட்டமிடப்பட்டது. இரு நிலைகளிலும் அடிப்படை உண்மை ஒன்றே: பாலில் இரும்பு குறைவு, சேமிப்புத் தீரும் நாள் முன்னரே தெரிந்தது, அந்நாள் வருமுன் கொடுத்தால் சிறிதளவே போதும்.

செய்ய வேண்டியவை

நாட்டில் பன்றிகளின் எண்ணிக்கை குறைந்து வந்துள்ளது. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 102.9 லட்சமாக இருந்தது, 2019-இல் 90.6 லட்சமாகி, 12 விழுக்காடு குறைந்தது. இத்தொழிலில் ஈடுபட்டிருப்போரில் பெரும்பாலோர் சில பன்றிகளை மட்டுமே வைத்துள்ள ஏழை எளியோர். எட்டுக் குட்டிகள் உள்ள ஈற்றில் இரண்டை இழப்பது, அவர்களுக்கு ஆண்டு வருவாயில் பெரும் பகுதியை இழப்பதாகும்.

ஆகவே மூன்று செயல்களுக்கு முதலிடம் தர வேண்டும். முதலாவதாக, ஈற்று நடந்த நான்கு நாள்களுக்குள் இரும்பு ஊசி கிடைக்கும் வகையில் கால்நடை மருந்தகங்களில் மருந்து இருப்பும், ஊசி போடப் பயிற்சி பெற்றவர்களும் இருத்தல் வேண்டும். ஈனும் நாளைச் சினைக்காலமான 114 நாளைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதால் இதனைத் திட்டமிடுவது அரிதன்று. இரண்டாவதாக, மானியத்துடன் புதிய கொட்டில்கள் அமைப்போருக்கு வழங்கப்படும் பயிற்சியில், சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிக்கு இரும்பு கட்டாயம் என்பது முதற் பாடமாக அமைய வேண்டும். மூன்றாவதாக, வளரும் பன்றிக்கான தீவனப் பைகளில் இரும்பின் அளவும் அதன் வடிவமும் தாய்மொழியில் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். தம் தீவனத்தில் ஏற்கெனவே போதிய இரும்பு உள்ளது என்பதைப் பண்ணையாளர் அறிந்தால், சத்து மருந்துக்குச் செலவாகும் பணத்தைக் குடற்புழு நீக்கத்துக்கும் நோய்த் தடுப்புக்கும் பயன்படுத்திக் கொள்வார்.